ஆவன செய்கிறேன்

ஏழாவது ஆட்டமும் முடிந்துவிட்டது. முன்வரிசைச் சோபாவில் உட்கார்ந்திருந்த நகராட்சித் தலைவருக்கு, மேடைக்கு வந்தவர்களில் தன் மகள் யார் என்று இன்னும் பிடிபடவில்லை.

அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே மாவுப் பூச்சு, ஒரே மை, ஒரே சவுரிமுடி. மகள் அம்மாவோடு தனியாகப் போய் மூன்று வருடம் ஆகிறது. அவள் ஆடிய மூன்று ஆண்டுவிழாக்களுக்கும் அவர் போகவில்லை. இந்தத் தடவையும் வராவிட்டால் இனிமேல் கூப்பிடவே மாட்டேன் என்று போனில் சொல்லியிருந்தாள். அதற்குப் பயந்துதான் சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த டான்ஸ் டீச்சரைக் கேட்டிருக்கலாம். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியவில்லை என்று எந்த முகத்தோடு கேட்பது? வம்பே வேண்டாம் என்று எல்லோருக்கும் கைதட்டினார். தடுக்கி விழுந்த குழந்தைக்கு எழுந்து நின்றே தட்டினார்.

டீச்சர் நெகிழ்ந்துபோய், கடைசி ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

இரண்டு வார்த்தையோடு நிறுத்தும் வழக்கம் தலைவருக்குக் கிடையாது. அதோடு, மகள் திரைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருப்பாளே. ஏழு ஆட்டத்தையும் தனித்தனியாகப் புகழ்ந்துவிட்டால் அவளுடையதும் அதில் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டார்.

மூன்றாவது ஆட்டத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது திரை இடுக்கிலிருந்து ஒரு கை சீட்டு நீட்டியது. மேடையில் அவரிடம் நீட்டப்படுவது எப்போதும் மனுதான். "ஆவன செய்கிறேன்" என்று மைக்கிலேயே சொல்லி, பிரிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நான்காவதுக்குப் போனார்.

ஏழாவதை முடிக்கும்போது விளக்குகள் அணைந்தன. நகராட்சி அரங்கில் எட்டு மணிக்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று போன மாதம் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். கூட்டம் செல்போன் வெளிச்சத்தில் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

வாசலில் ஒரு சிறுமியின் உயரமும் நடையும் ஒத்துப்போவது போலிருந்தது. பாய்ந்து கையைப் பிடித்தார்.

"அப்பா வந்துட்டேன் பார்த்தியாம்மா? நீதான் பிரமாதமா ஆடினே."

"எங்கப்பா ஸ்கூட்டர் எடுக்கப் போயிருக்கார், அங்கிள்," என்று அவள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

எல்லோரும் போய்விட்டார்கள். பூட்டோடு வந்த காவலாளியிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"என் பொண்ணு எந்த ஆட்டத்துல ஆடினான்னு தெரியுமாப்பா?"

"எதுலயும் ஆடலையே சார். கடைசியா தனியா ஆட வேண்டியது அதுதான். நீங்க பேசப் பேசக் கையைப் பிசைஞ்சுக்கிட்டே நின்னுச்சு. என் பேனாவை வாங்கித்தான் உங்களுக்குச் சீட்டு எழுதுச்சு: 'அப்பா, சீக்கிரம் முடிங்க. அடுத்தது நான்.'"