அசைந்தால் எரியும் விளக்கு

"சர்க்கார் ஆளுங்க வீடு தேடி வந்தா உக்காரச் சொல்லு, மோர் குடு, ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு பெரியப்பா என்ன சொன்னார் என்பது பிள்ளையார்பாளையம் நெசவாளர் கலியாணசுந்தரத்துக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வந்தவரோ வாசலில் நிற்கிறார். நினைவிருந்த வரைக்கும் கலியாணசுந்தரம் செய்தார். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார்.

வந்தவர் பெயர் பஞ்சாட்சரம். மின் ஒழுக்க மேம்பாட்டுப் பிரிவின் வட்டார அலுவலர். பூமி சூடாகிக்கொண்டே போவதை மேலிடம் மிகுந்த கவலையோடு கவனித்து, அதைத் தணிக்கும் பொறுப்பைக் காஞ்சிபுரத்தைப் பொறுத்தமட்டில் இவரிடம் ஒப்படைத்திருந்தது. அவர் வந்த கார் தெருவில் எஞ்சின் ஓடியபடியே நின்றது. அணைத்துவிட்டால் உள்ளே இருக்கும் குளிர்ச்சி வீணாகிவிடும்.

தெருவின் மின் செலவில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்பது உத்தரவு. நியாயப்படி அவர் முதலில் போனது அதிகம் செலவழிக்கிற இடத்துக்குத்தான். தெருமுனையில் பரசுராமனின் பட்டு மாளிகை நாலு மாடி. கண்ணாடிக் கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கும். ஏ.சி. குளிர் ரோடு வரைக்கும் வந்து, சித்திரை வெயிலில்கூட வாசல் நாய்கள் சுருண்டு படுத்திருக்கும். முகப்பு விளக்குகளுக்குப் பகல் இரவு வித்தியாசம் தெரியாது.

பரசுராமன் காபி வரவழைத்துக் கொடுத்து, தன் கடை எவ்வளவு குளிர வேண்டும் என்பதை முடிவு செய்வது தன்னுடைய தனிமனித சுதந்திரம் என்றார். சுதந்திரம் என்ற சொல் காதில் விழுந்ததும் பஞ்சாட்சரம் எழுந்து நின்றுவிட்டார். ஆனாலும் பூமியின் மேல் பரசுராமனுக்கும் அக்கறை உண்டு. அந்த வாரமே கடைக்குப் 'பசுமைப் பட்டு மாளிகை' என்று பெயர் மாற்றி, முகப்பு விளக்கையெல்லாம் பச்சையாக்கினார். பச்சையில் வெளிச்சம் மட்டு என்பதால் விளக்குகளை இரட்டிப்பாக்க வேண்டியிருந்தது.

ஆகவே குறைப்பு வேறு இடத்தில்தான் நடந்தாக வேண்டும்.

"மிச்சம் பிடிக்கத் தெரிஞ்சவங்ககிட்டதானே மிச்சம் பிடிக்கச் சொல்ல முடியும்?" என்றார் பஞ்சாட்சரம், மோரைக் குடித்தபடி. "தேவையில்லாம ஒரு நிமிஷம் லைட்டை எரிய விடமாட்டீங்கன்னு தெருவே சொல்லுது, ஐயா. உங்களுக்கு இது பழக்கமான வேலை."

கலியாணசுந்தரத்துக்குப் பெருமையாகப் போய்விட்டது. பெருமையில் தலையாட்டிவிட்டார்.

அவர் வீட்டிலும், அவரைக் காட்டித் தெருவில் தறி இருந்த மற்ற வீடுகளிலும், தறிக்கு மேலே தொங்கிய பல்பை இறக்கி அலுவலகத்துக்கு எடுத்துப் போனார்கள். அதற்குப் பதில் அசைவைக் கவனிக்கும் கருவி பொருத்திய ஒரு விளக்கு வந்தது. நடமாட்டம் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் தானாக அணையும். நெய்கிற வரைக்கும் தொந்தரவு இல்லை. கை ஆடியது, கால் ஆடியது, விளக்கும் எரிந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பழைய பாவு தீர்ந்து, புதுப் பாவைப் பிணைக்க உட்கார்ந்த அன்றுதான் வந்தது வினை.

பாவு பிணைப்பது என்றால், பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒரு இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்குவது. ஆயிரக்கணக்கான இழை, ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெலிசு. உடம்பு சிலை மாதிரி இருக்க வேண்டும், விரல் நுனி மட்டும்தான் வேலை செய்யும். கலியாணசுந்தரமும் மனைவி கலாவதியும் எதிரெதிரே உட்கார்ந்து சிலையானார்கள். விளக்கு அணைந்தது. கையை வீசினார்கள், எரிந்தது. வீசிய கையில் இருந்த இழை எங்கே போனது என்று தெரியவில்லை. தேடி எடுத்து மறுபடி சிலையானார்கள். மறுபடி அணைந்தது.

வைகாசி முகூர்த்தப் புடவைக்கான பாவு அது. வெள்ளிக்கிழமைக்குள் தறி ஏறாவிட்டால் நெசவாளர் சங்கத்தில் அதைத் திருப்பி வாங்கி வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். கலியாணசுந்தரம் அலுவலகத்துக்கு ஓடினார். பஞ்சாட்சரம் ஏ.சி. அறையில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"லைட்டு அணைஞ்சி அணைஞ்சி போவுது சார்."

"நீங்க அசையலைன்னா அணையத்தான் செய்யும்."

"பிணைக்கும்போது அசையக் கூடாது சார். வேலையே அதுதான்."

பஞ்சாட்சரம் விதியைச் சொன்னார். "அசைவற்றிருப்பவர் உறங்குவதாகக் கொள்ளப்படுவார். உறங்குபவருக்கு ஒளி அவசியமில்லை."

"நான் கண்ணைத் தொறந்துக்கினுதான் இருக்கிறேன் சார்."

"கருவி கண்ணைப் பார்க்காது, ஐயா."

வழி கண்டுபிடித்தது கலாவதிதான். நிற்கிற ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து, காற்றுப் பட்டால் இழை கலைந்துவிடும் என்று சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, அதன் கழுத்தில் ஒரு துண்டைக் கட்டிவிட்டாள். ஃபேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டியது. துண்டும் ஆடியது. துண்டு உறங்கவில்லை என்று கருவி முடிவு செய்துகொண்டது, விளக்கு நிம்மதியாக எரிந்தது. இரண்டே நாளில் தெருவில் தறி இருந்த வீடெல்லாம் துண்டு கட்டிய ஃபேன்கள் சுவரைப் பார்த்துத் தலையாட்டத் தொடங்கின.

தெருவின் மின் செலவு ஏறியது. பஞ்சாட்சரம் நேரில் வந்தார்.

"ஒரு பல்பு எரியறதுக்கு ஒரு ஃபேனா?"

"ஃபேன் எங்களுக்கு இல்ல சார். உங்க கருவிக்கு" என்றாள் கலாவதி.

பஞ்சாட்சரம் ஃபேனைக் கையகப்படுத்த உத்தரவிட்டார். அப்படியே திரும்பியவர் கண்ணில் பக்கத்து அறை பட்டது. அங்கே ஆளில்லாமல் டிவி பாடிக்கொண்டிருந்தது. அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். படுக்கையறையை எட்டிப் பார்க்க அவருக்கு அதிகாரம் கிடையாதாம். அங்கே எதை எரித்தாலும் அது தனிமனித சுதந்திரமாம்.

"அப்போ இது?" கலியாணசுந்தரம் தறியைக் காட்டினார்.

"இது தொழில் செய்யற இடம். பூமியோட கணக்குல வரும்."

"ரெண்டும் என் வூடுதானே சார். எங்க இருந்து எங்க வரைக்கும் சுதந்திரம்?"

பஞ்சாட்சரம் பொறுமையாக விளக்கினார். "கட்டில் எங்க இருக்குதோ, அது படுக்கையறை."

கார் தெருவைத் தாண்டியதும் கலாவதி புருஷனைப் பார்த்தாள். கட்டில் தறி அறையின் நிலைவாசலில் நுழையவில்லை. காலைக் கழற்றி உள்ளே கொண்டுபோய், தறிக்குழியை ஒட்டிப் போட்டு, தலையணையும் வைத்தார்கள். மறுநாள் சோதனைக்கு வந்த பஞ்சாட்சரம் கட்டிலைக் கண்டதும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு பின்வாங்கினார். ஒரு குடும்பத்தின் படுக்கையறையில் அரசுக் கருவி அசைவைக் கவனித்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய அநாகரிகம் என்று பதறி, அன்றைக்கே அதைக் கழற்றச் சொல்லி, பழைய பல்பைத் திருப்பி அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலை பாவு தறி ஏறியது.

ஃபேனைப் போலவே கட்டிலும் தெரு முழுக்கப் பரவியது. பஞ்சாட்சரம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். பிள்ளையார்பாளையத்தின் அந்தத் தெருவில் தறி அறைகளின் மின் செலவு பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. தறி அறை என்று ஒன்றே அங்கே இல்லை என்பதை அறிக்கை சொல்லவில்லை, மேலிடமும் கேட்கவில்லை. மாநிலத்துக்கே முன்மாதிரி என்று விருது வந்தது. பாராட்டு விழாவைப் பசுமைப் பட்டு மாளிகையின் மொட்டைமாடியில், பச்சை விளக்குகளுக்கு நடுவே வைத்தார்கள். பூமியைக் காத்ததற்காகப் பரசுராமனுக்குக் கேடயம். சிக்கனத்துக்காகக் கலியாணசுந்தரத்துக்குப் பொன்னாடை, விசைத்தறியில் நெய்தது.

கலியாணசுந்தரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கலாவதியோடு விழாவுக்குக் கிளம்பினார். வாசற்படி இறங்கியதும் கலாவதி நின்றாள்.

"ஏங்க, தறிக்கு மேல லைட்டு எரிஞ்சிக்கினு இருக்குது. போய் அணைச்சிட்டு வரட்டா?"

"எரியட்டும்" என்று சொல்லிவிட்டு, கலியாணசுந்தரம் கதவைப் பூட்டினார்.