மூன்றரை அடித் திட்டுக்கு ஒரு போர்க்கப்பல்

வாழ்க சக்தி! கத்தரிக்கோல் ஏந்திய வலக்கையினள், பசை உலர்ந்து தோலுரியும் பத்து விரலினள், எஃகு ஸ்கேலை வாளெனச் சுழற்றும் தோளினள், ராமாபுரம் கந்தசாமியின் மூன்றாம் மகள், தன் குலத்தில் முதன்முதல் பட்டம் பெற்றவள், மைசூரு சரஸ்வதிபுரத்தில் லிங்கம்மா நடத்தும் பெண்கள் பி.ஜி.யின் இரண்டாம் மாடியில் ஆறாம் அறையின் சுவரோரக் கட்டிலை ஆளும் கோமகள், வாழ்க, வாழ்க! காவியம் தொடங்குமுன் தெய்வத்தை அழைப்பது மரபு. அன்று கூப்பிட்டதும் வந்தது வைஃபை ஒன்றுதான், அதுவும் இரண்டு கோடு. அதையே வணங்கித் தொடங்குகிறேன்.

எதன்பொருட்டு மூண்டது இப்பெரும்போர்? மண்ணா, பொன்னா, முடியா? எதுவுமில்லை. மூன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் கொண்ட ஜன்னல் திட்டு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டில் ஷோகேஸ் இருந்திருக்கும். எட்டுப் பேர் இரண்டு அறையில் உறங்கும் ராமாபுரத்து வீட்டில் சக்தியின் பட்டச் சான்றிதழ் அரிசி டிரம்முக்குள் படுத்திருக்கிறது. குலத்தின் முதல் பட்டதாரி என்றால் வீட்டில் கல்யாணப் பேச்சு ஒன்று கூடுமே ஒழிய அலமாரித் தட்டு ஒன்று கூடுவதில்லை. தன் பொருளை ஓரிடத்தில் வைத்து, விடிந்தபின் அது வைத்த இடத்திலேயே இருக்கக் காணும் பேரின்பத்தை இருபத்துமூன்று ஆண்டுகளாக அறியாத அந்த வீராங்கனை, அத்திட்டின்மேல் காகிதப் போர்க்கப்பல் ஒன்றை நிறுத்துவேன் என்று, தலையணை சாட்சியாகச் சூளுரைத்தாள்.

எதிரே நின்றாள் மோலி. கொள்ளேகாலத்துச் செவிலி, ஊசி குத்துவதில் குறிதவறாதவள், ஜன்னலோரக் கட்டிலுக்கு உரியவள். அவளுக்கு அத்திட்டில் மீன்தொட்டி வைக்க ஆசை.

"பேப்பர்ல போர்க்கப்பலாடீ? எங்க வார்டுல ஆறு வயசுப் பையன் செய்வான், மாத்திரைக் கவருல."

"அவனைக் கூட்டிட்டு வா, வேலைக்கு ஆளில்ல எனக்கு. உன் மீனு செத்தா நாத்தம் யாரு புடிக்கறது, நீயா நானா?"

இரு படைகளின் ஆரவாரம் மாடிப்படி வழியே இறங்கி, சமையற்கட்டில் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்த லிங்கம்மாவின் செவியைச் சுட்டது. ஆறு அறைகளின் அதிபதியும், கீசரின் சுவிட்சைத் தன் அறைக்குள் வைத்துக்கொண்டு குளிர்காலத்தையே ஏவல்கொள்பவளுமாகிய அப்பேரரசி, கரண்டியே செங்கோலாக மேலேறி வந்து ஆணை பிறப்பித்தாள்:

"நோடம்மா, கலாட்டா பேடா, சண்டை வேண்டாம்! தொட்டிக்கு ரெண்டு அடி, கப்பலுக்கு ஒண்ணரை அடி. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு டேப் எடுத்துட்டு வருவேன். யார் பாகம் காலியா இருக்கோ அது அடுத்தவளுக்கு. யாருது நீளம் ஒரு இஞ்சு ஜாஸ்தியோ, அவளுக்குத் திட்டே இல்ல. கொத்தாய்த்தா?"

இருவருக்கும் புரிந்தது.

வரைபடம் தேடிப் புறப்பட்டாள் சக்தி. கைபேசியின் ஒளியே தீவட்டியாக, கட்டைவிரலே புரவியாக, இணையமென்னும் ஏழ்கடலை அவள் கடந்த கதையை ஆயிரம் நாவுடையோனும் சொல்லி முடியான். எனக்கு ஒன்றுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தளம் கப்பலின் முன்பாதியை இலவசமாகக் காட்டிப் பின்பாதிக்குப் பூட்டுப் போட்டது. ஒரு தளம் முழுக் கப்பலையும் தந்தது, திறக்கக் கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல் அறிந்த மகான் பதினான்கு ஆண்டுகளாக அந்தப் பக்கம் வரவில்லை. ஓர் அருங்காட்சியகம் பக்கவாட்டுப் படத்தை மட்டும் தந்து, அகலம் எவ்வளவு என்பதை அவளது கற்பனைக்கே விட்டது. கடற்படை ரகசியம் காக்கிறார்களாம், கப்பல் மூழ்கி நூறு வருஷம் ஆகியும். இறுதியில், புதன்கிழமை மதிய உணவு இடைவேளையில், தயிர்சாதத்துக்கும் ஊறுகாய்க்கும் இடையே, முன்பின் அறியாத தேசத்துக் கிழவர் ஒருவர் பதினான்கு தாளில் வரைந்து உலகுக்கே தானமாக வைத்திருந்த வரைபடம் அவள் திரையில் உதித்தது. நூற்று முப்பது மீட்டர்க் கப்பல். எட்டுப் பீரங்கி, மூன்று புகைபோக்கி. உன் முகம் எனக்குத் தெரியாது, தாத்தா, நீ நூறாண்டு வாழ்க.

ஆனால் அந்த வள்ளல் ஒரே கப்பலை நான்கு அளவில் வைத்திருந்தார். இருநூற்றில் ஒன்று, இருநூற்றைம்பதில் ஒன்று, முந்நூற்றில் ஒன்று, நானூற்றில் ஒன்று. எண் பெருகப் பெருகக் கப்பல் சிறுக்கும் அந்த விபரீதக் கணிதத்தின்முன் சக்தி ஒற்றைக்காலில் நின்று தவம் புரிந்தாள். பேருந்தில் உட்கார இடமில்லை. இருநூற்றில் ஒன்றென்றால் அறுபத்தைந்து சென்டிமீட்டர், கப்பல் தொட்டிக்குள் பாயும். இருநூற்றைம்பதில் ஐம்பத்திரண்டு, அதுவும் எல்லை மீறும். நானூற்றில் ஒன்றென்றால் முப்பத்திரண்டரை, இடம் தாராளம். ஆனால் பீரங்கிகள் சீரகமளவாகும். கண்ணுக்குத் தெரியாத பீரங்கியை வைத்துக்கொண்டு மோலியை எப்படி மிரட்டுவது? முந்நூற்றில் ஒன்று, நாற்பத்துமூன்று சென்டிமீட்டர். ஒன்றரை அடிக்குள் அடங்கும், ஒரு விரற்கடை மிஞ்சும். அதுவே அவள் தேர்ந்த படை.

கட்டட வரைபடங்கள் அச்சிடும் கடைக்கு வெள்ளி மாலை படையெடுத்தாள். அங்கே ஆளுயர இயந்திரத்தை இயக்கியவன் ஹ்ருஷிகேஷ். மேலுகோட்டைப் பூர்வீகம், வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். அவனுக்குப் பேச்சு எந்த மொழியில் வந்தாலும் எண் மட்டும் கன்னடத்தில்தான் வரும். அவன் குடும்பமே அப்படி. முதலில் மெல்லிய தாளில் ஒரு பிரதி, அளவு மாற்றாமல் நூறு சதவீதத்தில். சக்தி ஸ்கேலை வைத்தாள்: நாற்பத்துமூன்று, மயிரிழையும் பிசகில்லை. வெற்றிக்களிப்பில் அத்தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு, வாசலில் போன் பேச நகர்ந்தவள், இயந்திரத்தின் இடியோசைக்கு மேலே குரலெடுத்து முழங்கினாள்:

"அண்ணா, தடி அட்டையில இன்னொரு நூறு!"

"இன்னூரா?"

"ஆமாங்கண்ணா, இன்னொரு நூறுதான்!"

"சரிம்மா, ஆகட்டும்."

ஐயகோ! தமிழில் அது மறுபடியும் ஒரு நூறு. கன்னடத்தில் இன்னூரு என்றால் இருநூறு, அதாவது இரு மடங்கு. இரண்டு தமிழர்கள் தமிழில் பேசிக்கொண்டதால் விளைந்த கேடு இது. கன்னடத்தில் பேசியிருந்தால் கப்பல் பிழைத்திருக்கும். சுருட்டிக் கொடுத்த அட்டை கனத்தது. அட்டைக்கு அவ்வளவு கனம் இருக்கத்தானே செய்யும் என்று தோளில் சாத்திக்கொண்டு நடந்தாள், வில்லேந்தியவள் போல.

ஞாயிறு காலை. சுருள் பிரிந்தது. பிரிந்தது, பிரிந்தது, கட்டிலைத் தாண்டியும் பிரிந்தது. அடித்தட்டு எண்பத்தேழு சென்டிமீட்டர். கடைக்கு விடுமுறை. மோலி எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"கப்பலாடீ இது? பொணத்துக்குப் பாடை மாதிரி இருக்கு."

வேறொருத்தி என்றால் அழுதிருப்பாள். சக்திக்குக் கோபம் வந்தது, அவளுக்கு எப்போதும் முதலில் வருவது அதுதான். ஊழிக்காற்றென வீசிய அச்சினத்தில் அடித்தட்டு அறுபட்டது, விலாச் சட்டங்கள் பதினெட்டும் வரிசையில் நின்றன, பக்கத் தகடுகள் வளைந்து ஒட்டின, அட்டைத் துணுக்குகள் அறையெங்கும் வீழ்ந்த வீரர்போற் கிடந்தன, காலைச் சிற்றுண்டியும் மதியச் சோறும் தீண்டப்படாமல் ஆறின. மூன்றரை மணிக்கு மோலியின் தொட்டி சரியாக இரண்டடியில், ஆறு மீன்களோடு வந்து அமர்ந்தது. நாலு மணிக்கு லிங்கம்மா டேப்போடு ஏறி வந்தாள்.

"கப்பல் எல்லி? எங்க?"

அப்போது நிகழ்ந்ததை வானோர் பூமாரி பொழிந்து வரவேற்றிருக்க வேண்டும். எண்பத்தேழு சென்டிமீட்டர் மரக்கலத்தை இருகைகளாலும் தூக்கிய சக்தி, அதன் பின்புறத்தைத் திட்டில் ஊன்றி, மூக்கு விண்ணை நோக்க, மூழ்கும் தறுவாயில் உள்ள கப்பலெனச் செங்குத்தாக நிறுத்தி, சுவரோரம் சாய்த்து, கர்ஜித்தாள்:

"அளந்துக்கோங்க ஆண்ட்டி! நீளந்தானே சொன்னீங்க? உசரம் சொல்லலியே!"

லிங்கம்மா டேப்பைத் திட்டின்மேல் ஓட்டினாள். கப்பல் பிடித்த இடம் நாலு அங்குலம். மறுபடி அளந்தாள். மீண்டும் நாலு. ஆணை ஆணைதான், பேரரசி டேப்பைச் சுருட்டிக்கொண்டாள். மோலி ஏதோ சொல்ல வந்து, கப்பலை அண்ணாந்து பார்த்து, "லூசாடீ நீ" என்றாள். அக்குரலில் பாதி மரியாதை இருந்தது. மூன்றரை அடித் திட்டில் தன் பாகத்தை வென்று, பசை அப்பிய கைகளை இடுப்பில் ஊன்றி, உலகில் தனக்கெனக் கிடைத்த முதல் நாலு அங்குலத்தின்முன் சக்தி நின்றாள். பறை முழங்கவில்லை, சங்கு ஊதவில்லை, கீழே குக்கர் மட்டும் மூன்று விசில் அடித்தது.

அப்புறம் ஜன்னல் திறக்க முடியவில்லை என்று லிங்கம்மா தொட்டி, கப்பல் இரண்டையும் கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொல்லிவிட்டாள்.