வேன் அக்கா கண்டுபிடித்த போர்

போர் முடிந்த ஊர்களைச் சீரமைக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் பலர் இருக்கலாம். போரே நடக்காத ஊரில் ஒரு போரைத் தேடிக் கண்டுபிடித்து, அதையும் சீரமைத்துக் காட்டியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் மலேசியாவின் கோலசிலாங்கூரில், எங்கள் தாமான் குடியிருப்பில் இருந்துகொண்டு பள்ளிக்கூட வேன் ஓட்டும் அக்கா.

அவருக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் வைத்திருப்பார். ஆனால் புக்கிட் பெலிம்பிங் வரை யாரைக் கேட்டாலும் ‘வேன் அக்கா’தான். அவருடைய கணவரையே ‘வேன் மாமா’ என்றுதான் கூப்பிடுவோம். மாமாவுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அக்கா ரொம்பக் குள்ளம். தலையணை போட்டு உட்கார்ந்தாலும் ஸ்டியரிங்குக்கு மேலே கொண்டைதான் தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஆளில்லாமல் வேன் வருகிறது என்று ஒதுங்குவார்கள். தெரிந்தவர்கள் இன்னும் வேகமாக ஒதுங்குவார்கள்.

எல்லாம் ஒரு சுவரில் ஆரம்பித்தது. அக்காவின் அடுப்படியைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று வந்த கான்ட்ரேக்டர், பின்சுவரை இடிக்கும் வேலையை மட்டும் நேர்த்தியாகச் செய்துவிட்டுக் காணாமல் போனார். அக்கா நீலத் தார்ப்பாயைக் கட்டி மறைத்துவிட்டு, சுவரைத் தானே எழுப்பிவிடுவது என்று முடிவெடுத்துக் கைப்பேசியில் தேடினார்.

“தம்பி, நான் செவுரு கட்டத்தான்லா தேடுனேன். ‘ரீகன்ஸ்ட்ரக்‌ஷன், ஃப்ரீ’ன்னு போட்டேன். ஒரு வெள்ளக்காரம்மா வந்து பேசுது. மொத பாடத்துல செவுரே வரல. சரி, ரெண்டாவதுல வரும்னு உக்காந்தேன்.”

சுவர் கடைசிவரை வரவில்லை. அது ஒருங்கிணைந்த நகரத் திட்டமிடலும் போருக்குப் பிந்தைய மறுகட்டுமானமும் பற்றிய இணையவழிப் பயிற்சி. உலகத்தில் யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணமில்லை. அந்த ‘யார் வேண்டுமானாலும்’ என்பதில் கோலசிலாங்கூர் வேன் அக்காவும் அடக்கம் என்று ஏற்பாடு செய்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். மூன்றாவது பாடத்துக்குள் அக்கா சுவரையே மறந்துவிட்டார். இடிந்த நகரங்கள் கையில் இருக்கும்போது அடுப்படி எம்மாத்திரம்?

பாடத்தை வேன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் ஓட்டுவார். ஆங்கிலம் புரியாத இடத்தில் ஓரமாக நிறுத்தி, கைப்பேசி தருகிற தமிழ் மொழிபெயர்ப்பை உரக்கப் படிப்பார். பிள்ளைகளுக்குத் தப்பிக்க வழியில்லை. என் மகளுக்கு அப்போது இரண்டாம் வகுப்பு. ஒருநாள் நான் வீட்டில் சோபாவைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, எங்களக் கேட்டீங்களா? மக்கள் பங்கேற்பு இல்லாத திட்டம் நெலைக்காது.”

அதே வேனில் போகும் பக்கத்து வீட்டுப் பையன் கீரையைத் தள்ளிவிட்டு, “மேலேருந்து திணிக்கக் கூடாது” என்றானாம். பள்ளியில் ‘என் வீடு’ என்று படம் வரையச் சொன்னபோது, வேன் பிள்ளைகள் அத்தனை பேரும் கால்வாய், மருந்தகம், ஆபத்துக்கு ஓடும் வழி என்று வரைந்திருக்கிறார்கள். வீட்டை ஒருவரும் வரையவில்லை. ஆசிரியை கவலைப்பட்டுப் பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பிறகு இறுதிப் பயிற்சி வந்தது. மோதலால் பாதிக்கப்பட்ட ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள மக்களோடு பேசி, மீட்புத் திட்டம் ஒன்று எழுதி அனுப்ப வேண்டும். மற்ற மாணவர்கள் அதைப் படித்து மதிப்பிடுவார்கள்.

“போருக்கு நான் எங்க தம்பி போவேன்?” என்று அக்கா என்னிடம் வந்தார். எனக்குப் பாசிர் பெனம்பாங்கில் மீன் மொத்தக் கடையில் வேலை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவேன் என்பதால் எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்.

“மலைமேல பழைய கோட்டை இருக்கே அக்கா. அங்க சண்டை நடந்திருக்கு.”

“போய்ப் பாத்துட்டேன். இப்ப கொரங்குதான் இருக்கு. மக்கள்கிட்ட கருத்துக் கேக்கணும்லா. கொரங்கு கையில இருக்கற கச்சான் கடலையப் புடுங்குதே தவிர கருத்து சொல்ல மாட்டேங்குது.”

இரண்டு நாள் யோசித்துவிட்டு மூன்றாம் நாள் முகம் மலர்ந்து வந்தார். “போரு நம்ம தாமான்லயே இருக்கு!”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் தாமான் இரண்டு தோட்டங்கள் விற்கப்பட்டபோது அங்கே லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம். கட்டை என்றால் மைல். கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஆறாங்கட்டைத் தோட்டத்து ஆட்கள், அந்தப் பக்கம் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து ஆட்கள். இந்தப் பக்கம் கோயிலும் தேவாலயமும். அந்தப் பக்கம் மளிகைக் கடையும் பாலர் பள்ளியும். நடுவே ஒரு சிறு பாலம்.

முன்பு ஒரு கல்யாணத்துக்கு ஒன்பதாங்கட்டையார் பாலத்து முனையில் பந்தல் போட்டார்கள். ஆறாங்கட்டையில் யாரோ, வழியை மறிப்பதா என்று ஒரு கம்பத்தைப் பிடுங்கினார்கள். வாய்ச்சண்டை தள்ளுமுள்ளு ஆயிற்று. இந்தப் பக்கத்தின் பெரிய மனிதர் மண்டோர், தோட்டத்தில் வேலையாட்களை மேய்த்தவர். அந்தப் பக்கத்தின் பெரிய மனிதர் மளிகைக் கடைக்காரர். இருவரும் தத்தம் படைகளோடு ஒரே நேரத்தில் பாலத்தின்மேல் ஏறினார்கள். பாலம் அதற்காகக் கட்டப்பட்டதல்ல. அத்தனை பேரும் கால்வாய்க்குள் விழுந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமனும் விழுந்தார். அவர் எந்தக் கட்டையும் இல்லை, பந்தியை விசாரிக்க வந்தவர்.

அடி யாருக்கும் இல்லை. ஆனால் அதன்பிறகு பாலத்தை யாரும் கட்டவில்லை. கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். ஆறாங்கட்டைப் பொடிசுகள் பாலர் பள்ளிக்குப் பெரிய சாலையைச் சுற்றிப் போனார்கள். செம்பனைப் பழ லோரிகள் பறக்கிற சாலை அது. ஒவ்வொரு காலையும் பிள்ளைகள் போய்ச் சேரும்வரை தாய்மார்கள் சாலை முனையிலேயே நிற்பார்கள்.

“லோரிக்காரன் ஆறாங்கட்டப் புள்ளையா ஒம்பதாங்கட்டப் புள்ளையான்னு பாத்தா ஓட்டுவான்?” என்றார் அக்கா. விளையாட்டாக ஆரம்பித்தவர், அதைச் சொல்லும்போது விளையாடவில்லை.

கூட்டம் ஏற்பாடாயிற்று. சம்பந்தப்பட்ட எல்லோரையும் குறித்துப் பாடத்தில் வந்த ஒரு சொல்லைக் கைப்பேசி ‘பங்குதாரர்கள்’ என்று மொழிபெயர்த்திருந்தது. அக்காவும் ‘பங்குதாரர் கூட்டம்’ என்றே வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். தோட்டம் விற்ற பங்கு ஏதோ பாக்கி வருகிறது என்று தாமானே திரண்டது. ஆறாங்கட்டை இந்தக் கரையில், ஒன்பதாங்கட்டை அந்தக் கரையில். அக்கா ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, விளையாட்டுப் போட்டிக்கு வைத்திருந்த ஒலிபெருக்கியோடு கால்வாய்க்குள்ளேயே இறங்கி நின்றார். நடுநிலைப் பகுதியாம்.

“பங்குன்னீங்களே அக்கா, என்ன பங்கு?” என்றார் கடைக்காரர்.

“எல்லாருக்கும் பொறுப்புல பங்கு!”

கூட்டத்தில் பாதி அப்போதே கலைந்துவிட்டது.

“மொதல்ல அவங்கவங்க எழந்தது என்னன்னு சொல்லணும். பாடத்துல அப்டித்தான் இருக்கு. மண்டோர், நீங்க சொல்லுங்க.”

“என் செருப்பு. புதுசு. இந்தக் காவாயிலதான் போச்சு.”

“அந்தச் செருப்பு என் மண்டையில வந்து விழுந்துச்சே, அத யாரு எழுதுறது?” என்று கத்தினார் கடைக்காரர்.

“ரெண்டையும் எழுதுறேன், கத்தாதீங்க!”

அந்த நேரம் பார்த்து ஓர் உடும்பு தண்ணீரில் நிதானமாக நீந்தி நடுநிலைப் பகுதிக்குள் நுழைந்தது. அக்கா ஒலிபெருக்கியிலேயே அலறிக்கொண்டு கரையேறினார். அவர் ஏறியது ஒன்பதாங்கட்டைக் கரை. ஏன் அந்தக் கரையில் ஏறினார் என்று அடுத்த தகராறு தொடங்கிவிட்டது.

கூட்டம் நாசமானாலும் அக்கா திட்டத்தை எழுதி அனுப்பிவிட்டார். ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தது நான்தான். தலைப்பு ‘பந்தல் போர்’. உடைந்த பாலத்தின் படம், மண்டோர் முறைக்கிற படம், ஒற்றைச் செருப்பின் படம் எல்லாம் உள்ளே இருந்தன.

ஒரு மதியம் வேலை சீக்கிரம் முடிந்ததால் மகளை நானே அழைக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். மணி அடிக்க நேரமிருந்தது. மரத்தடியில் வேனை நிறுத்திவிட்டு அக்கா கைப்பேசியில் நேரலை வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏறி உக்காரு தம்பி, இன்னைக்கு எல்லா நாட்டு ஆளுங்களும் பேசுறாங்க” என்றார். திரையில் ஒரு பெண் பேசினாள். செய்தியில் அடிக்கடி காட்டுகிற நகரங்களில் ஒன்றைச் சேர்ந்தவள். தன் கட்டடத்தைக் காட்டினாள். படிக்கட்டு மட்டும் நின்றது. ஏறிப்போனால் சேர வேண்டிய வீடுகள் இல்லை. அதில் ஓர் இடத்தை விரலால் காட்டி, இங்கேதான் எங்கள் வாசல் என்றாள். பஸ் எப்போது வரும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

அக்கா ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தார். “தம்பி, போருன்னா இதுதான்யா” என்றார்.

அன்று மாலை வீட்டுக்கு ஓடிவந்தார். அவருடைய திட்டத்தை மதிப்பிடப் போகிறவர்களில் அந்தப் பெண்ணும் ஒருத்தி என்று தகவல் வந்திருந்தது.

“அழிச்சிரு தம்பி. எப்டியாச்சும் அழிச்சிரு.”

எல்லாப் பக்கமும் அமுக்கிப் பார்த்தேன். அனுப்பியதைத் திரும்பப் பெற வழியில்லை.

“வீடு வாசல் போன பொண்ணுகிட்டப் போயி செருப்பு போச்சுன்னு எழுதியிருக்கேனே! அதுவும் போட்டோ போட்டு! அந்தப் பொண்ணு மனசு என்னா பாடுபடும்?”

அடுத்து வந்த நாள்களில் வேனில் பாடம் ஓடவில்லை. அக்கா வேனை மெதுவாக ஓட்டினார். அதுதான் எங்களை மிகவும் பயமுறுத்தியது. பிள்ளைகள் வாயைத் திறக்காமல் வந்து இறங்கினார்கள். என் மகள் கேட்டாள், “அப்பா, வேன் அக்கா செத்துப் போயிடுவாங்களா?”

பதில் வந்ததும் திறக்கப் பயந்து கைப்பேசியை என் கையில் கொடுத்தார். வேன் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

‘உங்கள் திட்டத்தை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். செருப்பு வந்த இடத்தில் அம்மா சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டு வெகு நாளாகிறது. எங்கள் தெருவிலும் ஒரு சண்டை இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்காக எதிர்வீட்டுக்காரரோடு. இப்போது தொட்டியும் இல்லை, எதிர்வீடும் இல்லை. அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். சண்டை போட ஆள் பக்கத்தில் இருக்கும்போதே பாலத்தைக் கட்டிவிடுங்கள். உங்கள் திட்டத்தில் ஒரே குறை, சிமெண்டு யார் கொண்டுவருவது என்று எழுதவில்லை. தேர்ச்சி.’

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. “அப்ப அந்தப் பொண்ணு கோவிச்சுக்கலயா?”

“இல்லக்கா.”

“சிரிச்சாங்களா? அம்மாவும் பொண்ணுமா?”

“அம்மா சிரிச்சதா எழுதியிருக்கு.”

“இன்னொருக்கா படி.”

படித்தேன். அக்கா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு சட்டென்று எழுந்து, “ஏறு தம்பி” என்றார்.

நேராக மண்டோர் வீடு. மறுபடியும் படிக்க வைத்தார். மண்டோர் சுருட்டை அணைத்துவிட்டுக் கேட்டார்.

“எதிர்வீட்டுக்காரன் கெடச்சானாமா?”

“தெரியல மண்டோர்.”

மண்டோர் எழுந்து சட்டையை மாட்டினார். “நம்ம கடைக்காரன் இப்ப கடையில இருப்பானா?”

வேனில் ஏற்றிப் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு போனோம். மண்டோர் கடை வாசலில் இறங்கியதும் உள்ளே இருந்தவர்கள் சண்டைக்குத் தயாராக எழுந்தார்கள்.

“டேய், சிமெண்டு இருக்கா?” என்றார் மண்டோர்.

“இருக்கு. எதுக்கு?” என்றார் கடைக்காரர் விறைப்பாக.

“யாரு கொண்டாறதுன்னு எழுதலயாம்.”

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்காம் முறையாகப் படித்தேன். முடித்தபோது அவர் உள்ளே போய், மண்டோருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

பாலம் கட்டி முடியும்வரை இரு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டேதான் இருந்தன. மணல் அதிகம், தண்ணீர் குறைவு, பலகை கோணல். அவரவர் கரையிலிருந்து அவரவர் தொடங்கினார்கள். நடுவில் வந்து சேர்ந்தபோது ஒரு பக்கம் ஒரு சாண் உயரமாக இருந்தது. இடித்துக் கட்டலாமா என்று யாரும் கேட்கவில்லை. அங்கே ஒரு படி வைத்துவிட்டார்கள். முதல் காலையில் பாலர் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் படியில் குதித்துக் குதித்துக் கடந்தபோது, இரண்டு கரையிலும் நின்ற தாய்மார்கள் விட்ட பெருமூச்சில் கால்வாய்த் தண்ணீரே அசைந்திருக்கும்.

அந்தப் பெண்ணும் அக்காவும் இப்போதும் எழுதிக்கொள்கிறார்கள். அங்கே நிலைமை சில வாரம் மோசமாகும். செய்தி வராது. அப்போதெல்லாம் அக்கா எழுதிக் கொடுத்த அந்தப் பெண்ணின் பெயரைப் பாதிரியார் ஞாயிறு ஜெபத்தில் தப்பாக உச்சரிப்பார். சபையும் தப்பாகவே ஆமென் சொல்லும். கோயில் பக்கம் மண்டோர் அந்தப் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்வார். பூசாரி நட்சத்திரம் கேட்டால், “எல்லா நட்சத்திரமும் சேத்துக்கய்யா” என்பார்.

பிறகு ஒரு காலையில் செய்தி வந்துவிடும். அக்கா தாமானுக்குள் நுழையும்போதே ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வருவார். பச்சைப் பிள்ளைகள் அலறி எழும், நாய்கள் ஊளையிடும். எங்கள் தாமானில் இதுவரை ஒருவர்கூட அந்தச் சத்தத்துக்குக் கோபித்துக்கொண்டதில்லை.