மிஸிஸ் ஹேரிஸின் வெண்ணெயை மேம்படுத்திய கதை

புதிதாக ஓர் ஆங்கிலச் சொல்லைக் கற்றவனை ஒரு வாரத்துக்காவது கட்டிப்போட வேண்டும். எழுபதுகளில் சிட்னிக்குப் படிக்க வந்த என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

எனக்கு வாய்த்த சொல் ‘ரிஃபைன்’. கசடை நீக்கி, நல்லதை இன்னும் நல்லதாக்குவது என்றார் விரிவுரையாளர். எண்ணெய், சீனி, எழுதிய கட்டுரை, மனிதரின் நடத்தை எல்லாவற்றுக்கும் பொருந்துமாம். அன்று முதல் தேநீர் வடிப்பதைக்கூட நான் ரிஃபைன் என்றே சொன்னேன் (தாங்க முடியாத பிறவிதான்).

அப்போது சிட்னியின் மெரிலேண்ட்ஸ் பகுதியில் மிஸிஸ் ஹேரிஸ் வீட்டில் ஓர் அறையில் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து என் புது மனைவி வசந்தி வரவிருந்தாள். அவளையும் அந்த அறையில் தங்க விடுவதா என்று ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக வீட்டுக்கார அம்மா கூறியிருந்தார். வேறு இடம் எனக்கு அகப்படவில்லை.

அந்த ஞாயிறு காலை அவர் தேவாலயத்துக்குப் போனதும், அவர் மனம் குளிர ஏதாவது செய்ய நினைத்தேன். ஃபிரிட்ஜைத் திறந்தால் கட்டி கட்டியாக வெண்ணெய்! எங்கள் ஆட்களுக்கு வெண்ணெய் என்பது பாதி வழியில் நிற்கும் பொருள். நெய்யானால்தான் அதற்கு மரியாதை. அத்தனையையும் சட்டியில் போட்டு உருக்கினேன்.

மணம் பிடித்து அடுத்த அறை பாலா ஓடிவந்தான்.

“டேய், என்ன செய்யிறாய்?”

“வீட்டுக்கார மனிசியின்ர பட்டரை ரிஃபைன் பண்ணுறன்.”

“உனக்கென்ன விசரே? அவவைக் கேட்டனியே?”

“இல்லை. வந்து பாத்துச் சந்தோசப்படட்டும்.”

வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல், “வேர் இஸ் மை பட்டர்?” என்றார். நெய்ப் போத்தலைப் பெருமையாக நீட்டினேன். “ஐ ஹாவ் ரிஃபைண்ட் இட், மிஸிஸ் ஹேரிஸ்!”

அது அன்று பின்னேரம் தேவாலய விற்பனைக்கு பிஸ்கட் சுட வைத்திருந்த வெண்ணெய். கடைகளும் பூட்டு. வசந்தி விமான நிலையத்திலேயே குடித்தனம் நடத்துவது என் கண்முன் தெரிந்தது.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நெய்யிலேயே மாவைப் பிசைந்தார். நான் தட்டுக் கழுவினேன். பின்னேரம் போனவர் வெறும் தட்டுடன், முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார். அவருடைய பிஸ்கட்தான் முதலில் முடிந்ததாம்.

“உன் மனைவி வரட்டும். அவளுக்கும் இது செய்யத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன். (வசந்திக்கு அப்போது சுடுதண்ணீர் வைக்கவே துணை வேண்டும்.) எனக்கு வந்த சந்தோஷத்தில் எந்தப் பொய்யையும் சொல்லியிருப்பேன். அடுத்த வாரமே அவர் என்னை அருகில் நிறுத்தி நெய் உருக்கப் பழகிக்கொண்டார்.

இன்றும் எங்கள் வீட்டுக்கு வரும் அன்ரிமார், “அசல் ஊர் நெய்! ஆரிட்டப் பழகினனீர்?” என்று வசந்தியைக் கேட்பார்கள். பிள்ளைகள் சிரிக்கத் தயாராவார்கள்.

“மிஸிஸ் ஹேரிஸிட்ட” என்பாள் வசந்தி.