மாப்பிள்ளையின் மனையில் எனக்குக் கிடைத்த இடம்

செங்கம் சாலை,
திருவண்ணாமலை.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை தர்ஷன் அவர்களுக்கு,

மாமனார் சக்கரவர்த்தி மிகுந்த தயக்கத்துடன் எழுதிக்கொள்வது. அருகன் அருளால் நானும் உங்கள் அத்தை சுனந்தாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். பெங்களூரில் நீங்களும் மதுமிதாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிருக்கு மதுமிதா காதை மூடிக்கொள்கிறாளா என்று அத்தை கேட்கச் சொன்னாள்.

கைப்பேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீங்கள் நினைக்கக்கூடும். சென்ற வாரம் நீங்கள் அழைத்து, "வேலி போட்டாச்சா மாமா?" என்று கேட்டபோது, "நடந்துக்கிட்டே இருக்குதுங்க மாப்பிள்ளை" என்று சொன்னேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் எது நடந்துகொண்டிருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் என் வாய் தானாகவே "ஆச்சுங்க" என்று சொல்லிவிடுகிறது. காகிதத்திடம் எனக்கு அந்தப் பயம் இல்லை. பௌர்ணமிக்கு மறுநாள் பூமி பூஜை, அதற்குள் நாலு பக்கமும் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்து, யாரும் உள்ளே கால் வைக்காதபடி செய்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். திருமணம் ஆன நாளிலிருந்து நீங்கள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் காரியம் இது. அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் வரிசையாக எழுதிவிடுகிறேன். படித்த பிறகு நீங்கள் என்ன முடிவு செய்தாலும் சரி.

முதல் நாள் நீங்கள் அனுப்பிய மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்துக்கொண்டு, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் போனேன். புவியியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் பள்ளிக்கூடத்துத் திசைகாட்டியையும் சட்டைப்பையில் வைத்திருந்தேன். படத்தின் மேல்பக்கம் வடக்கு என்று எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்தப் படத்தின் மேலே மனை விற்றவர்கள் அழகுக்காக மலையை ஒரு முக்கோணமாக வேறு வரைந்திருந்தார்கள். எங்கள் வீட்டு ஜன்னலிலும் மலை வடக்கில்தானே தெரிகிறது, பொருத்தமாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று திருப்திப்பட்டேன். திசைகாட்டியின்படி படத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து, வலது பக்க மேல்மூலை மனையைக் கண்டுபிடித்தேன். இடது பக்க மேல்மூலையில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் என்று போட்டிருந்தது. அங்கே யாரோ ஒருவர் பச்சை வண்ணத்தில் மாடி வீடு கட்டிக் குடியிருக்கிறார்! பொது இடத்தை இப்படி விழுங்கலாமா? அன்றைக்கே நகராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். அனுப்பத் துணிவு வராததால் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நம் மனைக்கு வருகிறேன். காலி மனை என்றுதானே சொன்னீர்கள்? மாப்பிள்ளை, திருவண்ணாமலையில் அதைவிட நிரம்பிய இடம் கோயிலுக்குள்கூட இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். நடுவில் ஒரு புங்கமரம். மரத்தடியில் சந்திரம்மாள் என்கிற அம்மா கூழ் விற்கிறார். பாதையை ஒட்டிய பக்கம் கருப்பன் ஆட்டோ நிறுத்துகிறார். பின்பக்கம் யார் யார் வீட்டுப் புடவையோ கொடியில் காய்கிறது. ஓரத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சந்திரம்மாளிடம் போய், "இது எங்க மாப்பிள்ளையோட இடம்" என்றேன். எவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு கண்டிப்பாகத்தான் சொன்னேன். அவர் அகப்பையை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படியா சார்? நல்ல இடமாத்தான் புடிச்சிருக்காரு. அவருக்கு எந்த நேரம் வேணும்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே விளக்கினார். "காலையில மரத்தடி என்னுது. கூழு தீந்ததும் ஸ்கூல் வேனுக்கு நிக்கிற பொம்பளைங்களுது. கருப்பன் சவாரி போயிட்டான்னா அந்த எடத்துல காய்கறி வண்டி வரும். அவன் வந்தான்னா வண்டி கெளம்பிடும். பௌர்ணமின்னா கணக்கே வேற, அன்னிக்கி ஜனம் ஜாஸ்தி, எல்லாரும் ரெண்டடி சுருக்கிக்கணும்."

"அந்த வெளிநாட்டுக்காரர்?" என்று கேட்டேன்.

"கண்ண மூடிக்கினு இருக்கறவருக்கு எந்த எடமா இருந்தா இன்னா சார்? வெயில் வர்ற பக்கமா குந்துங்கன்னு சொல்லிட்டேன். ஒரு வார்த்தை பேசல, எழுந்து போயிக் குந்திக்கினாரு. நம்மாளுங்கதான் ஆயிரம் கேள்வி கேக்கறது."

மாப்பிள்ளை, பணியில் இருந்த காலம் முழுவதும் நிலப் பயன்பாட்டுப் பாடம் நடத்தியவன் நான். குடியிருப்புக்கு ஒரு வண்ணம், கடைக்கு ஒரு வண்ணம், போக்குவரத்துக்கு ஒரு வண்ணம் என்று மாணவர்களைத் தீட்டச் சொல்லி, கோட்டைத் தாண்டினால் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன். ஒரே இடத்துக்குக் காலையில் ஒரு வண்ணமும் மாலையில் ஒரு வண்ணமும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டுக்கு வந்து அத்தையிடம் இதைச் சொன்னேன். "வேலி எப்ப போடறீங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் காற்று பலமாக அடித்தது. வரைபடம் பறந்துவிடாமல் இருக்க, அங்கே கிடந்த உடைந்த அம்மிக்கல் ஒன்றை நகர்த்தி அதன்மேல் வைத்தேன். வேலை முடிந்ததும் கல்லை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அது வெறும் கல் இல்லை, கூழுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் இருக்கும் எல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த நாள் கருப்பன் கல்லைப் பார்த்து ஆட்டோவை நிறுத்த, ஆட்டோவின் பின்பக்கம் கூழ்ப்பானை வரைக்கும் வந்துவிட்டது. சந்திரம்மாள் பானையை மரத்துக்கு அந்தப்பக்கம் நகர்த்த, குடிக்க வந்தவர்கள் துணிக்கொடியின் கீழ் நிற்க வேண்டியதாயிற்று. யாரோ ஒருவர் ஈரப் புடவையில் வாயைத் துடைத்துவிட, புடவைக்காரர் ஓடிவந்து கொடியை அவிழ்த்து ஓரத்தில் கட்டினார். அது வெளிநாட்டுக்காரர் தலைக்கு மேல். அவர் கண்ணைத் திறந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கல்லு எங்க கீதோ அங்கதான் வண்டி! நான் இன்னா எட்டிக் குதிச்சா நிறுத்தினேன்?" என்றார் கருப்பன்.

"கல்லுக்குக் கால் முளைச்சுதா? உனுக்கு ஊரெல்லாம் ரோடு, எனுக்கு இருக்கறது ஒரு பானை எடம்!" என்றார் சந்திரம்மாள்.

நான்தான் நகர்த்தினேன் என்று கை தூக்கினேன், வகுப்பில் பையன்கள் தூக்குவதுபோல. கருப்பன், "படிச்சவரு வந்து எல்லையையே மாத்திட்டாரேம்மா" என்று சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். நானே அந்தக் கல்லைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தேன். "இன்னும் கொஞ்சம் தள்ளி... ம், போதும் சார்" என்று சொன்னவர் கருப்பன்தான். அவர் கைகாட்டிய இடம் தனக்குக் குறைவாகவும் கூழுக்கு அதிகமாகவும் இருந்ததை நான் கவனித்தேன். கையெழுத்து இல்லை, காவலர் இல்லை, ஒரு கல், அவ்வளவுதான்! பட்டா வைத்திருக்கும் அண்ணன் தம்பிகள்கூட இப்படி விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

இதற்கிடையில் வேலிக்காரர் சுரேஷ்குமார் கல்தூண்களை இறக்கினார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போய் என் முகத்தைப் பார்த்தார். எங்கே குழி தோண்டினாலும் அது யாரோ ஒருவருடைய ஏதோ ஒரு நேரமாக இருந்தது. யாரும் தடுக்கவில்லை மாப்பிள்ளை, அதுதான் கஷ்டம். "தோண்டுங்க, தோண்டுங்க" என்று மரியாதையாக விலகி நின்றார்கள். சந்திரம்மாள் அவருக்கு ஒரு சொம்பு கூழும் மோர்மிளகாயும் கொடுத்தார். குடித்து முடித்த சுரேஷ்குமார், "சார், நீங்க எந்த எடம்னு முடிவு பண்ணிட்டு போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தூண்கள் பத்திரமாக இருக்கின்றன, படுத்த நிலையில். கிரிவலம் வருகிறவர்கள் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்ள ஏற்ற உயரம் என்று எல்லோரும் உங்களைப் புகழ்கிறார்கள்.

சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டுவிடும் நம் சமண வழக்கத்தால் தினமும் வெயில் சாய்ந்ததும் கிளம்பிவிடுவேன். அதனால் மாலையில் அங்கே என்ன நடக்கும் என்று தெரியாமலே இருந்தது. ஒரு நாள் பேருந்து கிடைக்காமல் தாமதமாகிவிட்டது. கூழ்ப்பானை, கொடி, ஆட்டோ எல்லாம் போய், இடம் பெருக்கித் தண்ணீர் தெளித்துச் சுத்தமாக இருந்தது. ராணியம்மாள் என்கிற பெண்மணி ஒரு பழைய ஸ்கூட்டியுடன் வந்தார். அவர் பின்னால் பக்கத்துத் தெருப் பெண்கள். புங்கமரத்தைச் சுற்றி வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்! "மரத்தப் பாக்காதடி, மரத்தப் பாத்தா மரத்துலதான் போய் நிப்ப! போற எடத்தப் பாரு!" என்று அவர் கத்தியதும், தடுமாறிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து ஒரு முழுச் சுற்று வந்தாள். நான் கைதட்டிவிட்டேன். ரோட்டில் பழகினால் ஆண்கள் நின்று கேலி செய்கிறார்கள், வேறு இடம் இல்லை என்று ராணியம்மாள் சொன்னார். அன்று இரவு நான் பட்டினி. ஆனாலும் மனம் நிறைந்திருந்தது.

மறுநாள் சந்திரம்மாள் என்னைக் கூப்பிட்டார். "தெனம் வர்றீங்க சார், நின்னுக்கினே போயிடறீங்க. உங்களுக்குன்னு ஒரு எடம் வேணாமா? கூழு முடிஞ்சி வேனுக்கு நிக்கறவங்க வர்றதுக்குள்ள மரத்தடி சும்மாதான் இருக்கும். எடுத்துக்கோங்க. பேப்பர் படிங்க."

இது என் மாப்பிள்ளையின் இடம், இதில் எனக்கு நீங்கள் ஒதுக்குவதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். "ரொம்ப நன்றிம்மா" என்றேன். ஒரு அரைச்செங்கலில் சுண்ணாம்பு தடவி மரத்தடியில் வைத்தார்கள். அது என் கல். நான் ஒரு நாள் தாமதமாகப் போனபோதும் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, அடியேனின் கோரிக்கை. வீடு கட்டுவது உங்கள் உரிமை. வாங்கியவர் நீங்கள். ஆனால் வேலியை விட்டுவிட்டு, வீட்டை உயரமான தூண்களின் மேல் கட்டி, கீழ்த்தளத்தை அப்படியே திறந்து விட்டுவிட்டால் என்ன? புங்கமரத்தைச் சுற்றிப் படிக்கட்டு வைக்கலாம். இதற்கு ஒரு படம் வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன், அளவு தவறியிருக்கலாம். முடியாது என்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள், நானே நின்று வேலி போட்டுவிடுகிறேன். அவர்களிடம் சொல்லும் வேலையை மட்டும் தயவுசெய்து எனக்குத் தராதீர்கள்.

உங்கள் இருவர் வாழ்விலும் நல்லறமும் நிறைந்த செல்வமும் தங்கட்டும். மதுமிதாவுக்கு எங்கள் ஆசி. சம்பந்தி வீட்டாருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கைக்குத் தகுதியானவன்தானா என்று தெரியாத மாமனார்,
சக்கரவர்த்தி

பி.கு.: கடிதத்தை நேற்றே உறையில் போட்டுவிட்டேன். இன்று பௌர்ணமி, எல்லோரும் எப்படிச் சுருக்கிக்கொள்கிறார்கள் என்று பார்க்கும் ஆசையில் விடியற்காலையிலேயே மனைக்குப் போனேன். வரைபடத்தை உங்கள் தூண் ஒன்றின்மேல் விரித்திருந்தேன். அப்போது மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் கிளம்பியது. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால்தான் மலை வடக்கு. அடி அண்ணாமலையிலிருந்து பார்த்தால் மலை கிழக்கு. அழகுக்குப் போட்டது என்று நான் நினைத்த முக்கோணம்தான் அந்தப் படத்தில் திசை. மேல்பக்கம் கிழக்கு! படத்தைத் திருப்பிப் பிடித்தேன். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பது பூங்காவுக்கு ஒதுக்கிய பொது இடம். உங்கள் மனை தென்கிழக்கு மூலையில் சீமைக் கருவேல முள்ளுக்குள் கிடக்கிறது. எட்டிப் பார்த்தேன், எல்லைக் கல்லில் உங்கள் மனை எண் இருக்கிறது. பச்சை மாடி வீட்டுக்காரர் தன் சொந்த மனையில்தான் குடியிருக்கிறார், அந்த மனுவைக் கிழித்துவிட்டேன். ஆகவே மேலே எழுதிய கோரிக்கை எதுவும் தேவையில்லை, தூண்களின் மேல் வீடு கட்ட வேண்டாம்.

இந்த மகிழ்ச்சியில் நேராகச் சந்திரம்மாளிடம் போய், "இந்த இடத்துல இனிமே யாரும் வேலி போட முடியாதும்மா, எங்க மாப்பிள்ளை இடம் அந்த முள்ளுதான்" என்று சொல்லிவிட்டேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து, "அத்தினி எடம் சும்மாவா கெடக்குது?" என்றார். நான் அஞ்சல் தலை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கருப்பனும் நாலு பேரும் முள்ளை முக்கால்வாசி வெட்டிவிட்டார்கள். தூண்களை அங்கே மாற்றி, படுக்க வைத்தாயிற்று. காய்கறி வண்டி உள்ளே வந்துவிட்டது. நாளைக் காலை நேரத்தை உங்களுக்காகக் கேட்டு வாங்கி, ஒரு செங்கலும் வைத்திருக்கிறேன். பூமி பூஜை எத்தனை மணிக்குள் முடியும் என்று சந்திரம்மாள் கேட்கிறார். அதற்குப் பிறகு அந்த இடம் ராணியம்மாளுக்கு வேண்டுமாம், சுற்றி ஓட்டிப் பழகியவர்கள் நேராக ஓட்டிப் பழக வேண்டியிருக்கிறதாம். கடிதம் நாளைக்குள் வந்து சேராது என்பதால் உங்களைக் கைப்பேசியில் அழைத்தேன். "வேலி ஆச்சா மாமா?" என்று கேட்டீர்கள். "ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டேன்.