எங்க வலைக்கு நாப்பத்தொண்ணு

கும்மிடிப்பூண்டி ரயில் பாதை நெடுக, பிள்ளைகளுக்குக் காப்பியடிக்கக் கற்றுத்தருவதில் வலை டீச்சரை மிஞ்ச ஆள் கிடையாது. மேலிடத்துக்கு நான் அனுப்பிய புகாரின் சாரம் இதுதான். அது பொய் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர்.

டீச்சர் மீனவர் வீட்டுப் பெண். கரைவலை இழுத்தால், கயிற்றில் கைவைத்த எல்லோருக்கும் மீனில் பங்கு உண்டு. பேருக்குத் தொட்ட கிழவருக்கும் உண்டு. இந்த வழக்கத்தை அவர் மூன்றாம் வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டார். ஐந்து பிள்ளைகள் ஒரு வலை. ஐவருக்கும் பாடம் புரிந்தால்தான் வலை கரையேறும். தேர்வை அவரவர் தனியாகத்தான் எழுதுவார்கள். பிறகு மதிப்பெண்களைக் கூட்டி ஐந்தாக வகுத்துச் சமமாகத் தருவார். மீதி வந்தால், அன்று கரும்பலகை துடைத்த பிள்ளைக்கு.

பிற்பகலில் உப்புக்காற்று ஜன்னல் வழியே நுழையும். வாய்ப்பாட்டின் ராகத்துக்கு எல்லாத் தலைகளும் இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் சாயும். வராந்தாவில் நிற்கும் எனக்கு, வகுப்பறையே தரையை விட்டுக் கிளம்பி, வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளைத் தாண்டி, மெல்லக் கடலுக்குள் போவதுபோல் இருக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு என் அறைக்குத் திரும்புவேன்.

மும்தாஜ் என்றொரு பிள்ளை. எழுத்தைப் பார்த்தாலே அழுவாள். டீச்சர் அவளைக் கெட்டிக்காரி கோமதியின் வலையில் சேர்த்தார். கோமதிக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், இவளால எங்க வலை லேட்டாவுது."

"வலையில கல்லு மாட்டிகினா, வலையையே வுட்டுட்டு வூட்டுக்குப் பூடுவியா?"

"கல்லு இல்ல டீச்சர், மும்தாஜு."

"அப்போ பாத்து இழு."

மழைக்காலத்துக்குள் மும்தாஜ் வரி வரியாய் வாசிக்கத் தொடங்கினாள். மற்ற நால்வரின் உதடுகளும் கூடவே அசையும்.

ஒருநாள் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். மும்தாஜை எழுப்பி, கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டார்.

"எங்க வலைக்கு நாப்பத்தொண்ணு கீது சார்."

"உனக்கு எவ்வளவும்மா?"

மற்ற நால்வரும் எழுந்து நிற்க, ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். "எட்டு சார். மீதி ஒண்ணு போர்டு தொடச்சவனுக்கு."

அதிகாரி என் பக்கம் திரும்பி, "என்ன சார், ஸ்கூல் நடத்துறீங்களா, மீன் ஏலம் விடுறீங்களா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அன்று மாலையே புகார் போயிற்று. டீச்சருக்கு மணலி புதுநகருக்கு மாற்றல் வந்தது.

கிளம்பும்போது அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "மும்தாஜை மட்டும் தனியா குந்த வெச்சிடாதீங்க சார்."

நான் எல்லோரையுமே தனித்தனியாக உட்காரவைத்தேன். பிள்ளைகள் நோட்டைச் சுற்றிக் கையால் மதில் கட்டிக்கொண்டார்கள். மும்தாஜின் வாசிப்பு நின்றது. பிறகு அவள் வருவதும் நின்றது.

புகாரைத் திரும்பப் பெறுவதாக மேலிடத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. மணலிக்குப் போய் டீச்சரிடம் என் குற்றத்தைச் சொன்னேன்.

"அத்த வுடுங்க. மும்தாஜு படிக்குதா?"

அவள் பள்ளிக்கு வருவதே நின்றுவிட்டது என்றேன்.

"அப்போ என்னாண்ட வந்து இன்னா பிரயோஜனம்? அது வூட்டுக்குப் போங்க சார். நீங்க மட்டும் போனா பயந்துக்கும், அது தோஸ்துங்கள இட்டுகினு போங்க."

நால்வரையும் அழைத்துக்கொண்டு போனேன். மும்தாஜின் அம்மாவிடம், "தப்பு என்னுடையது" என்று சொல்லி முடிப்பதற்குள், பிள்ளைகள் என்னைத் தாண்டி உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துவிட்டார்கள். மும்தாஜ் கதவுக்குப் பின்னாலிருந்து வந்து ஐந்தாவதாக உட்கார்ந்தாள். திங்கட்கிழமை பள்ளிக்கும் வந்தாள்.

டீச்சரைத் திருப்பி அனுப்ப மேலிடம் இசையவே இல்லை. நான் ஓய்வுபெற்ற அன்று அவரைப் போனில் கூப்பிட்டு, மும்தாஜை ஒரு பாடம் முழுக்க வாசிக்கவைத்தேன்.

"பின்னால நாலு பேரு முணுமுணுக்குறது கேக்குதே. நீங்க அதட்டலியா சார்?"

"இல்லை டீச்சர்."

அவர் சிரித்தார். இணைப்பு அறுந்த பின்னும், போனைக் காதிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை.