சலவை இயந்திரத்துக்குக் கல்யாண யோகம்

ஆஸ்பத்திரி கேன்டீனில் கூட்டம் அலைமோதியது. டீக்கு அல்ல, மூலையில் உட்கார்ந்திருந்த கடவுச்சொல் ஜோதிடருக்கு!

"இவர் எண் பார்த்துக் கொடுத்தா எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாதாம்" என்றார் எக்ஸ்ரேக்காரர். எலும்பு வரை பார்ப்பவர் சொன்னால் பொய்யாகவா இருக்கும்?

எல்லாம் ஓர் அரசாங்கச் சுற்றறிக்கையால் வந்த வினை. வேறோர் ஆஸ்பத்திரியின் கணினிகளை இணையத் திருடர்கள் முடக்கிவிட்டார்கள். உடனே ஆணை பறந்தது: கடவுச்சொல்லில் பதினாறு எழுத்து, எண், குறி எல்லாம் வேண்டும், பதினைந்து நாளுக்கொருமுறை மாற்ற வேண்டும், எங்கும் எழுதி வைக்கக் கூடாது, மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். போன வாரம் மூச்சுத்திணறலோடு வந்தவரின் குறிப்பைத் திறக்க முடியாமல் தலைமை நர்ஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஜோதிடரிடம் முதலில் ஓடியவரும் அவர்தான்.

பதிவேட்டு அறை எழுத்தர் மட்டும் சந்தேகப் பிராணி. அவளும் வரிசையில் நின்று, காணிக்கை வைத்து, ஒரு கடவுச்சொல் வாங்கினாள். பிறகு, "என் தங்கச்சிக்கும் ஒண்ணு பாருங்க சார்" என்று ஒரு தேதியைச் சொன்னாள்.

ஜோதிடர் கண்ணை மூடினார், விரலை மடக்கினார். "பொண்ணு முன்கோபி. ஆனா தங்கமான மனசு. மூணு மாசத்துல கல்யாணம்!" என்று இன்னொரு சீட்டை நீட்டினார்.

"கோபத்தைச் சரியாத்தான் சொன்னீங்க. சுத்தும்போது தடதடன்னு ஆடுவா" என்றாள் எழுத்தர். "அது நம்ம சலவை மெஷின் வந்து இறங்கின தேதி."

கேன்டீன் குலுங்கிச் சிரித்தது. ஜோதிடர் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் இரண்டு சீட்டையும் விரித்துக் காட்டினாள். முன்னால் பிறந்த தேதி, நடுவில் 'வெற்றி', கடைசியில் மூன்று நட்சத்திரக் குறி. தேதி மட்டும்தான் வேறு. மனுஷிக்கும் மெஷினுக்கும் ஒரே நட்சத்திரம்!

பிறகு தலைமை நர்ஸிடம் திரும்பினாள். "அக்கா, உங்க ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் போன மாசம்தான் கேக் சாப்பிட்டோம். உங்க கணினியைத் திறக்கட்டுமா?"

"முடிஞ்சா திற, பார்ப்போம்!" என்றார் தலைமை நர்ஸ்.

ஜோதிடரையும் தள்ளிக்கொண்டு கூட்டம் வார்டுக்குப் போனது. எழுத்தர் தட்டினாள். முதல் தட்டிலேயே திறந்துகொண்டது.

"ஐயையோ! அத்தனை பேர் மருந்தளவும் இதுலதானே இருக்கு! எவனாவது மாத்தியிருந்தா?" நர்ஸின் முகம் வெளிறிப்போயிற்று.

"அதிர்ஷ்டம் ஜாஸ்திம்மா. அதான் சட்டுனு திறந்துடுச்சு" என்றார் ஜோதிடர்.

நர்ஸ் அவருடைய நோட்டைப் பிடுங்கினார். உள்ளே எல்லோருடைய கடவுச்சொல்லும் வரிசையாக இருந்தது. ஆஸ்பத்திரியின் மொத்தச் சாவிக்கொத்து! காவலாளி வாசலைச் சாத்தினார்.

கணினிப் பிரிவுப் பொறியாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எழுத்தர் திரும்பினாள். "நீங்க சிரிக்காதீங்க சார். மனுஷனால ஞாபகம் வச்சுக்க முடியாததைக் கேட்டா, ஜோசியர்கிட்டதான் போவாங்க."

பொறியாளர் தலையைச் சொறிந்தார், மேலிடத்தில் பேசினார். அடுத்த வாரம் விதி மாறியது: அவரவர் மனத்தில் நிற்கும் நீண்ட வாக்கியம் ஒன்று, கூடவே அடையாள அட்டை, சந்தேகம் வந்தால் மட்டும் மாற்றினால் போதும். அட்டையை மறந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பி ஓடினார்கள். ஓடட்டும், உடம்புக்கு நல்லது.

சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்று யோசிக்க நல்ல நேரம் பார்க்க வேண்டாம், ஐயா. மூளையைத் திறக்கிற நேரமெல்லாம் நல்ல நேரம்தான்!